எட்டுப் பெட்டை, ஒரு சேவல்: முதல் கோழிக்கூட்டை எப்படிக் கட்டுவது?

திண்டுக்கல்லை ஒட்டிய ஊரில் வீட்டின் பின்னால் 20 அடிக்கு 30 அடி கொல்லை இருப்பதாகவும், அதில் 8 நாட்டுப் பெட்டைக் கோழிகளும் 1 சேவலும் வளர்க்க விரும்புவதாகவும், இதற்குமுன் கோழி வளர்த்த பழக்கம் இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். விற்பனைக்கு வரும் இரும்புக் கூண்டை வாங்கிவிடலாமா, கொத்தனாரை வைத்துக் கட்டுவதா, எவ்வளவு பெரிதாகக் கட்டுவது என்பவை உங்கள் கேள்விகள். கட்டுவதே நல்லது என்பது என் கருத்து. ஆனால் செங்கல் வாங்குவதற்கு முன்பு, அந்தக் கூடு எதற்காக என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது அவசியம்; அது தெளிந்துவிட்டால் அளவு, சுவர், கூரை எல்லாவற்றுக்கும் விடை தானாகவே வந்துவிடும்.

பகலில் கோழிக்குக் கூடு தேவையில்லை. நிழலும் தண்ணீரும் கிளறுவதற்குக் கொஞ்சம் மண்ணும் இருந்தால் போதும். கூடு தேவைப்படுவது அந்தி சாய்ந்ததிலிருந்து பொழுது விடியும்வரைதான். இருட்டில் கோழிக்குச் சரியாகக் கண் தெரியாது. உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாது. மரநாயோ காட்டுப்பூனையோ உள்ளே நுழைந்துவிட்டால், பகலில் முள்வேலிக்கு மேலே பறந்து தப்பிக்கும் அதே கோழி, இரவில் கழுத்தை நீட்டிக்கொண்டு கிடக்கும். அந்தப் பத்துப் பன்னிரண்டு மணி நேரமும் அது தன் எச்சத்துக்கு மேலேயே உட்கார்ந்து, அதிலிருந்து எழும் காற்றைத்தான் சுவாசிக்கிறது. ஆகவே நல்ல கூடு இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டும்: வெளியே இருப்பதை உள்ளே விடக்கூடாது, உள்ளே எழும் ஈரத்தையும் நெடியையும் வெளியே விட்டுவிட வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்களிடம் நான் பார்க்கும் தவறுகள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுக்காக மற்றதைப் பலியிடுவதால் வருபவை. பாதுகாப்புக்காக மூச்சுமுட்ட அடைத்துவிடுகிறார்கள். அல்லது காற்றோட்டத்துக்காகத் திறந்துவைத்துக் கோழிகளைப் பறிகொடுக்கிறார்கள்.

இரண்டாவது தவறை நானே செய்திருக்கிறேன். என் முதல் கூட்டுக்குச் செங்கல் சுவர், ஓட்டுக் கூரை, பலகைக் கதவு எல்லாம் இருந்தன. ஓட்டுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு சாண் திறப்பைக் காற்றுக்காக வேண்டுமென்றே விட்டிருந்தேன். தரையிலிருந்து ஆறடி உயரம் என்பதால் அங்கே வலை அடிக்க வேண்டும் என்று தோன்றவில்லை. கார்த்திகை மாதத்தில் ஒரு காலை கதவைத் திறந்தபோது மூன்று கோழிகள் தரையில் கிடந்தன, நான்காவதைக் காணவில்லை. மூன்றுக்கும் கழுத்தில் மட்டும் காயம். சுவரில், அந்தத் திறப்புக்கு நேர் கீழே, சுண்ணாம்புப் பூச்சின் மேல் சேறு படிந்த நகக் கீறல்கள் வரிசையாக மேலேறிச் சென்றிருந்தன. மரநாய் மரம் ஏறும் பிராணி. அதற்கு ஆறடிச் சுவர் ஒரு தடையே இல்லை. அன்று உயிரோடிருந்த ஐந்து கோழிகளும், ஏறி உறங்குவதற்காகக் கம்பு கட்டிய பரணின் ஒரு மூலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, விடிந்து வெகுநேரமாகியும் இறங்கி வராமல் இருந்த காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. திறப்பு வைத்தது தவறில்லை. வலையில்லாமல் வைத்ததுதான் தவறு.

வலையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பணம் மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் அதுதான். கடையில் கோழி வலை என்று கேட்டால் அறுகோணக் கண் உள்ள மெல்லிய கம்பி வலையைத் தருவார்கள். அது கோழியை உள்ளே வைத்திருக்க மட்டுமே உதவும். நாய் பல்லால் இழுத்தால் கிழிந்துவிடும். எலிக்கும் பாம்புக்கும் அதன் கண் வாசல் போன்றது. இரவுக் கூட்டின் ஒவ்வொரு திறப்புக்கும் அரை அங்குலக் கண் உள்ள, கால்வனைஸ் செய்த வெல்டு மெஷ்ஷை, அதாவது கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த வலையைப் பயன்படுத்துங்கள். சட்டத்தில் வெறும் ஆணியை வளைத்து அடிக்காமல், வலையின் மேல் மெல்லிய ரீப்பர் கட்டையை வைத்துத் திருகாணியால் இறுக்குங்கள். மலிவான அறுகோண வலையைப் பகலில் மேயும் இடத்தின் வேலிக்கும், பருந்தும் வல்லூறும் குஞ்சைத் தூக்காமல் இருக்க மேலே போடும் மறைப்புக்கும் வைத்துக்கொள்ளலாம்.

இனி அளவு. பகலில் வெளியே மேய்ந்து இரவில் மட்டும் அடையும் நாட்டுக்கோழிக்கு ஒன்றரையிலிருந்து 2 சதுர அடி போதும். 9 கோழிகளுக்கு 18 சதுர அடி. நீங்கள் 6 அடி நீளம், 4 அடி அகலம், அதாவது 24 சதுர அடியாகக் கட்டுங்கள். ஐப்பசி அடைமழையில் இரண்டு நாள் கோழிகளை வெளியே விட முடியாமல் போகும்போதும், அடுத்த ஆண்டு நாலைந்து இளங்கோழிகள் கூடும்போதும் அந்த இடம் உதவும். வெளியே விடாமல் நிரந்தரமாக அடைத்து வளர்ப்பதாக இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது கூட்டுக்குள்ளேயே கோழிக்கு 4 சதுர அடியும் வெளி அடைப்பில் 10 சதுர அடியும் தேவை. அதைவிடக் குறைந்தால் ஒன்றையொன்று கொத்தி இறகு பிடுங்கத் தொடங்கிவிடும். உயரத்தைப் பொறுத்தவரை, உள்ளே நீங்கள் நிமிர்ந்து நின்று துடைப்பம் பிடிக்க முடிய வேண்டும். குனிந்து தவழ்ந்து நுழைய வேண்டிய கூட்டை யாரும் தொடர்ந்து சுத்தம் செய்வதில்லை. நான் பார்த்தவரை இதற்கு விதிவிலக்கே இல்லை.

இதனால்தான் விளம்பரங்களில் வரும் இரும்புக் கூண்டை நான் பரிந்துரைப்பதில்லை. இருபது கோழிக்கு என்று விற்கப்படும் கூண்டு பெரும்பாலும் 4 அடிக்கு 3 அடிதான் இருக்கும். தகரக் கூரை தலைக்கு மேல் ஒன்றரை அடியில் இருக்கும். தரை கம்பி வலையாக இருக்கும். கோழியின் உடல் வெப்பம் இயல்பாகவே 41 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கிறது. அதற்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து இரைப்பதாலும் கொண்டை, தாடி வழியாகவும்தான் சூட்டை வெளியேற்றுகிறது. சித்திரை மாதத் தகரத்துக்குக் கீழே ஒன்றரை அடியில் அதை அடைப்பது கொடுமை. கம்பித் தரையில் நெடுநாள் நின்றால் பாதத்தில் புண் வைக்கும். அப்படிப்பட்ட கூண்டு ஏற்கெனவே கையில் இருந்தால் வீணில்லை. நோயுற்ற கோழியைப் பிரித்துவைக்கவும், புதிதாக வாங்கிவந்த கோழியை மற்றவற்றோடு சேர்க்காமல் குறைந்தது இரண்டு வாரம் தனியே வைத்துப் பார்க்கவும் அது மிகவும் பயன்படும்.

இடத்தேர்வுக்கு வருவோம். மழை பெய்து ஓய்ந்ததும் கொல்லையைச் சுற்றி வாருங்கள். எங்கே தண்ணீர் தேங்காமல் முதலில் காய்கிறதோ அங்கே கட்டுங்கள். தென்னைக்குக் கீழே வேண்டாம், மட்டையோ குரும்பையோ ஒரு நாள் கூரையில் விழும். முருங்கை, அகத்தி, கொய்யா போன்றவற்றின் அருகே அமைந்தால் பகல் நிழலுக்குக் கவலையில்லை. ஆனால் கிளை கூரைமேல் சாயாமல் வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் அதுவே மரநாய்க்குப் பாலமாகிவிடும். கூட்டின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்க வேண்டும். அப்போது காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கச் சுவர்களில் மட்டும் படும். நீண்ட பக்கங்களான வடக்கும் தெற்கும் காற்றுக்குத் திறந்திருக்கும். அண்டை வீட்டின் படுக்கையறை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் பாருங்கள், சேவல் விடிவதற்கு வெகுநேரம் முன்பே கூவும். முட்டைக்காக மட்டும் வளர்ப்பதென்றால் சேவலே தேவையில்லை. சேவல் இல்லாமலும் பெட்டை முட்டையிடும், அடை வைத்தால் பொரிக்காது, அவ்வளவுதான்.

கடைக்காலை ஓரடி ஆழத்துக்குக் கருங்கல்லால் போட்டு, தரையைச் சுற்றுமட்டத்தைவிட ஓரடி உயர்த்தி, மேலே சிமென்ட் பூசிவிடுங்கள். மண் தரை கோழிக்கு இதமானதுதான். ஆனால் பெருச்சாளி ஒரே இரவில் வளை தோண்டிவிடும், அந்த வளை வழியாகப் பிறகு கீரியும் பாம்பும் வரும். கிழக்குச் சுவரையும் மேற்குச் சுவரையும் கூரைவரை செங்கல்லால் எழுப்பலாம். தெற்குப் பக்கம் 2 அடிக்குச் சுவரும் அதற்குமேல் வலையும் போதும். வடக்குப் பக்கத்தில் மட்டும் சுவரை மூன்றரை அடிக்கு உயர்த்துங்கள். நம் பக்கத்துப் பெருமழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிப்பது, பரணில் உட்கார்ந்திருக்கும் கோழியின் மேல் சாரலும் வாடையும் நேரடியாகப் படக்கூடாது. அதற்குமேல் கூரைவரை அங்கும் வலைதான்.

கூரைக்கு ஓடு சிறந்தது. தகரமோ சிமென்ட் அட்டையோதான் முடியும் என்றால் அதன்மேல் தென்னங்கீற்றைப் பரப்பிக் கட்டிவிடுங்கள், அல்லது கோடை தொடங்கும்போது மேற்புறத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். இரண்டுமே உள்ளே இறங்கும் சூட்டை வெகுவாகக் குறைக்கும். வெறும் கீற்றுக் கூரை குளிர்ச்சியானதுதான், ஆனால் இரண்டாவது ஆண்டில் இற்றுப்போகும், எலியும் கூடு கட்டும். எந்தக் கூரையானாலும் தாழ்வாரம் சுவரைத் தாண்டி 3 அடி நீண்டிருக்கட்டும். அதன் செலவு கொஞ்சம்தான், ஆனால் மழைக்காலத்தில் கூட்டைக் காய்ந்த நிலையில் வைத்திருப்பது பெரும்பாலும் அதுதான்.

மழைக்காலத்தில் வலைப்பக்கங்களுக்குச் சாக்கோ தார்ப்பாயோ கட்டுவீர்கள். அதைக் கீழிருந்து மேலாகக் கட்டி, உச்சியில் ஓரடியை எப்போதும் திறந்தே விடுங்கள். ஒரு புயல் மழையின்போது நண்பர் ஒருவர் கோழிகள் தும்முகின்றன, கண் வீங்குகிறது என்று அழைத்தார்; போய்ப் பார்த்தால் நான்கு பக்கமும் மேலிருந்து கீழ்வரை தார்ப்பாய். வாசலில் நின்றபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உள்ளே போய்ப் பரணில் கோழியின் தலை இருக்கும் உயரத்துக்கு என் முகத்தைக் கொண்டுபோய் இரண்டு மூச்சு இழுத்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஈரமான எச்சத்தில் நுண்ணுயிர்கள் பெருகும்போது அமோனியா வாயு எழுகிறது. அது காற்றைவிட இலேசானது, மேலே போக வழியிருந்தால் போய்விடும், இல்லையென்றால் கோழியின் கண்ணையும் மூச்சுக்குழாயையும் அரித்துக்கொண்டே இருக்கும். அப்படிப் புண்ணான மூச்சுக்குழாயில்தான் சளி நோய்கள் எளிதில் பற்றுகின்றன. கோழி குளிரால் இறந்துவிடும் என்ற அச்சத்தில்தான் அவர் அப்படிச் செய்தார். சமவெளியில் வளர்ந்த கோழி நம் மார்கழிக் குளிரைக் கவலையில்லாமல் தாங்கும், இறகு நனையாமல் இருந்தால் போதும். கொடைக்கானல், ஊட்டி போன்ற மலை ஊர்களுக்கும் சின்னக் குஞ்சுகளுக்கும்தான் வேறு ஏற்பாடு வேண்டும்.

உள்ளே முக்கியமானது பரண். கோழி தரையில் உறங்க விரும்பாத பறவை. பரண் இல்லையென்றால் முட்டைப் பெட்டியில் ஏறி உறங்கி அதைப் பாழாக்கும். கோழி ஒன்றுக்கு 8 அங்குல நீளம் தேவை என்பதால் 9 கோழிக்கு 6 அடி போதும். ஆனால் 6 அடியில் இரண்டு கம்புகளை ஒரே உயரத்தில், ஒன்றுக்கொன்று ஒன்றரை அடி இடைவெளியில் வையுங்கள். படிப்படியாக உயரும் ஏணிபோல வைத்தால் எல்லாக் கோழிகளும் உச்சிப் படிக்குச் சண்டையிடும், கீழே உட்காருபவற்றின் மேல் எச்சம் விழும். நீண்ட பக்கச் சுவரிலிருந்தும் வலையிலிருந்தும் ஓரடிக்குக் குறையாமல் தள்ளியிருக்க வேண்டும், வெளியே நின்று வலைவழியாக எதுவும் எட்டிவிடக் கூடாது. தரையிலிருந்து உயரம் இரண்டரை அடி போதும். எடை மிகுந்த பெருவிடைக் கோழி அதற்குமேல் இருந்து தினமும் குதித்தால் பாதம் அடிபட்டு வீங்கும். கம்பு 2 அங்குலத் தடிமனில், விளிம்பு மழுங்கியதாக இருக்கட்டும். சவுக்குக் கம்பு எளிதில் கிடைக்கும், ஆனால் பட்டையை முழுக்க உரித்துவிட வேண்டும்.

பட்டையை உரிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்ணி. கோழி உண்ணி பகலில் பெரும்பாலும் கோழியின் உடலில் இருப்பதில்லை. சுவர் வெடிப்பிலும் மரப் பிளவிலும் பட்டைக்கடியிலும் ஒளிந்திருந்து, இரவில் வந்து இரத்தம் குடித்துவிட்டு விடிவதற்குள் திரும்பிவிடும். பகலில் எத்தனை முறை கோழியைப் பிடித்துப் பார்த்தாலும் எளிதில் கண்ணில் படாது. உணவில்லாமல் ஓர் ஆண்டுக்கு மேலும் உயிரோடிருக்கும் என்பதால், கூட்டைச் சில மாதம் காலியாகப் போட்டால் செத்துவிடும் என்று எண்ண வேண்டாம். நன்றாக அடைந்துகொண்டிருந்த கோழிகள் திடீரென்று மாலையில் உள்ளே வர மறுத்து மரத்தில் ஏறினால், அன்றிரவு டார்ச் விளக்கோடு போய்ப் பரணின் முனைகளையும் சுவர் வெடிப்புகளையும் பாருங்கள். வெடிப்புகளைச் சிமென்ட்டால் அடைத்து, ஆண்டுக்கு இருமுறை உட்புறம் முழுவதும் சுண்ணாம்பு அடித்து, பரண் கம்பைக் கழற்றி வெயிலில் போட வசதியாகப் பொருத்தியிருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் அண்டாது. கோழியும் தன் பங்குக்கு மண்குளியல் செய்து பேனை உதிர்த்துக்கொள்ளும். தாழ்வாரத்தின் கீழ் நனையாத ஒரு மூலையில் மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து கொட்டிவையுங்கள்.

தரையில் 3 அங்குல உயரத்துக்குக் கூளம் பரப்ப வேண்டும். நெல் உமி, மரத்தூள், தேங்காய் நார்க்கழிவு, கடலைத் தோல் என்று எது அருகில் மலிவோ அதைப் பயன்படுத்தலாம்; ஆனால் முழுக்கக் காய்ந்ததாக இருக்க வேண்டும், நனைந்து காய்ந்த கடலைத் தோலில் பூஞ்சை இருக்கும். கைப்பிடி கூளத்தை எடுத்து இறுகப் பிடித்துவிட்டுக் கையைத் திறந்து பாருங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் சரி. உருண்டையாக நின்றால் ஈரம் மிகுந்துவிட்டது, அந்த ஈரத்தில் குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சல் வரும். வாரம் இருமுறை கிளறிவிடுங்கள். கைப்பிடி கம்புத் தானியத்தையோ சோளத்தையோ அதன்மேல் தூவினால் கோழிகளே கிளறிக்கொடுக்கும். ஒரு நாள் எச்சத்தில் ஏறத்தாழப் பாதி இரவில் பரணுக்கு அடியில்தான் விழுகிறது என்பதால், அங்கே ஒரு பலகையை வைத்துத் தினமும் காலையில் வழித்தெடுத்தால் கூளம் பல மாதங்களுக்கு மாற்றாமல் தாங்கும். வழித்ததைச் செடிக்கு நேராகப் போடாதீர்கள், சூடு தாங்காமல் வேர் கருகும். இரண்டு மூன்று மாதம் குப்பைக்குழியில் மக்கவிட்டுப் போடுங்கள்.

தண்ணீர்ப் பாத்திரமும் தீவனத் தட்டும் இரவில் கூட்டுக்குள் இருக்க வேண்டியதில்லை. தண்ணீர் சிந்திக் கூளத்தை நனைக்கும். தீவனம் எலியை அழைக்கும். எலியைத் தேடிப் பாம்பு வரும். இரண்டையும் வெளியே, நிழலில், கோழியின் முதுகு உயரத்துக்குச் செங்கல் வைத்து உயர்த்திவிடுங்கள். கோடையில் மண் சட்டித் தண்ணீர் நல்லது.

முட்டைப் பெட்டி 4 கோழிக்கு ஒன்று என்ற கணக்கில் உங்களுக்கு இரண்டு போதும். நீளம், அகலம், உயரம் மூன்றும் 12 அங்குலம், முன்பக்கம் 4 அங்குலத் தடுப்பு, உள்ளே மணலும் வைக்கோலும். கூட்டின் இருண்ட மூலையில், பரணைவிடத் தாழ்வாக, தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருக்க வேண்டும். பழைய கூடையும் வாய் உடைந்த பானையும் இதே வேலையை நன்றாகச் செய்யும். நாட்டுக்கோழி ஒரு ஈட்டுக்கு, அதாவது முட்டையிடும் ஒரு சுற்றுக்கு, பத்துப் பதினைந்து முட்டை இட்டுவிட்டு அடைக்கு உட்காரும், குஞ்சு பொரிக்க 21 நாள் ஆகும். அந்த நாட்களில் மற்ற பெட்டைகள் அதே பெட்டிக்குள் நுழைந்து முட்டையிட்டு அதைத் தொல்லைப்படுத்தும் என்பதால், அடைக்கோழிக்குத் தனியிடம் ஒதுக்குங்கள். பொரித்த பிறகு முதல் சில வாரங்களுக்குத் தாயையும் குஞ்சுகளையும் மூடிவைக்க நம் பாட்டிமார் பயன்படுத்திய கவிழ்ப்புக் கூடையான பஞ்சாரத்தைவிடச் சிறந்த சாதனத்தை நான் இதுவரை பார்க்கவில்லை. காற்று வரும், காகமும் பருந்தும் வராது, நிழலைத் தொடர்ந்து நகர்த்திக்கொண்டே போகலாம்.

உங்கள் 600 சதுர அடிக் கொல்லையில் 200 சதுர அடியையாவது கோழிக்கு வேலியிட்டுக் கொடுத்து, அதையும் இரண்டாகப் பிரித்து மாற்றி மாற்றித் திறந்துவிடுங்கள். ஒரே மண்ணில் நாள்தோறும் விட்டால் மூன்று மாதத்தில் ஒரு புல்லும் இருக்காது, குடற்புழு முட்டைகளும் மண்ணில் பெருகும். கூடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் வெள்ளைக்கழிச்சல் என்ற கொள்ளைநோயை அது தடுக்காது. அதற்குத் தடுப்பூசி மட்டுமே வழி. உங்கள் பகுதிக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள், கால்நடைத் துறை வழக்கமாகப் பிப்ரவரி மாதத்தில் இதற்கென்றே முகாம் நடத்துகிறது.

கட்டி முடிந்ததும், கோழி வாங்குவதற்கு முன்னால் ஒரு இரவு கூட்டுக்குள் பல்பை எரியவிட்டுக் கதவைச் சாத்துங்கள். வெளியே இருட்டில் நின்று, சுற்றி நடந்து பாருங்கள். வலை இல்லாத இடத்தில் வெளிச்சம் அரை அங்குல அகலத்துக்குக் கசிந்தாலும் அதை அடையுங்கள். கதவுக்கடியைப் பெரும்பாலும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கதவுக்குக் கொக்கி போதாது, இழுத்துப் பூட்டும் தாழ்ப்பாள் போடுங்கள். பிறகு கோழிகளை இருட்டியபின் கொண்டுவந்து, ஒவ்வொன்றாகக் கையால் பரணில் உட்காரவையுங்கள். முதல் ஒரு வாரம் வெளியே விடாமல் கூட்டுக்குள்ளேயே தீனியும் தண்ணீரும் கொடுங்கள். எட்டாம் நாள் மாலை 4 மணிக்குத் திறந்துவிட்டால், பொழுது சாய்வதற்குமுன் அதிக தூரம் போகாது. அன்று அந்தியில் அவை தாமாகவே வரிசையாக உள்ளே ஏறுவதைப் பக்கத்தில் நின்று எண்ணிப் பாருங்கள். ஒன்பதும் ஏறிவிட்டால் தாழ்ப்பாளைப் போடுங்கள்.